இரவு இரண்டு மணிக்கு யார் வருவார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீராத நோயில் இருப்பவர்களைக் கடைசிக் காலத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் ஊருக்கு ஊர் பெருகி வருவதைப் பற்றிச் சில நாட்களுக்கு முன் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தோட்டம், தியான மண்டபம், வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில் என்று படங்களும் போட்டிருந்தீர்கள். ஆனால் ஒரு குடும்பம் எதைப் பார்த்து, யாரிடம் என்ன கேட்டு ஒரு இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று அதில் ஒரு வரி கூட இல்லை. அதைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. என் மனைவியை அப்படிப்பட்ட 2 இடங்களில் வைத்திருந்து, இரண்டாவது இடத்தில் பறிகொடுத்தவன் நான்.

ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் நடத்துநராகச் சேர்ந்து, 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பெரும்பாலும் திண்டுக்கல் – குமுளி லைன்தான். டிக்கெட் கட்டணம் மாறுகிற நிறுத்தத்தை எங்கள் வேலையில் ஸ்டேஜ் என்போம். எதையும் நேரம் போட்டு எழுதி வைப்பது வேலையில் வந்த பழக்கம். அவள் படுத்த நாளிலிருந்து 2 நோட்டு எழுதியிருக்கிறேன். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, யார் வந்தார்கள், யார் வரவில்லை எல்லாம் அதில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அந்த நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவளுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து 4 வருடம் நன்றாக இருந்தாள். 2023 ஆவணியில் முதுகு வலி என்றாள். ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பில் பரவியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனையில், "இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். வலிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது 2 வாரம் தாங்கியது. அப்புறம் தாங்கவில்லை. மகள் கைக்குழந்தையோடு இருந்தாள். நான் ஒருவனாக அவளைப் புரட்டிப் படுக்கவைக்க முடியாமல்தான் இல்லம் தேட ஆரம்பித்தேன்.

முதல் இடத்தை நான் தேர்ந்தெடுத்த விதத்தை வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். கட்டடத்தைப் பார்த்தேன். தரை பளபளவென்று இருந்தது. ரூமுக்கு ஏசி, டிவி. வாசலில் பிள்ளையார் கோயில். முன்பணம் 50,000 ரூபாய், மாதம் 35,000. பென்ஷன் பணத்தில் 3 மாதம் தாங்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். நான் போனது காலை 11 மணிக்கு. அந்த நேரத்தில் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும்.

அங்கே 12 நாள் இருந்தாள். ஒன்பதாவது ராத்திரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 2:10க்கு எழுந்தாள். முதுகிலிருந்து இடுப்பு வழியாகக் காலுக்கு இறங்குகிற வலி. பெல்லை அழுத்தினேன். கால் மணி நேரம் கழித்து ஒரு சிஸ்டர் வந்தது, இருபத்திரண்டு வயது கூட இருக்காது. "டாக்டர் காலைல ரவுண்ட்ஸ் வருவாருங்கய்யா. அவர் சொல்லாம நான் ஊசி போட முடியாது" என்றது. போன் பண்ணிக் கேளும்மா என்றேன். ராத்திரியில் போன் பண்ணக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம். அந்தப் பெண் மீது எனக்குக் கோபம் இல்லை. 22 நோயாளிகளுக்கு ராத்திரியில் அது ஒருத்திதான். என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள், பக்கத்து ரூமுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று. இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வாட்ச் பட்டை தோலில் பதிந்து 2 நாளைக்கு அந்தத் தடம் போகவில்லை. ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, விடியறதுக்கு இன்னும் எத்தனை ஸ்டேஜ் இருக்கு?"

காலை 6:40க்கு ஊசி போட்டார்கள். நோட்டில் அந்தப் பக்கத்தில் 2 நேரம்தான் எழுதியிருக்கிறேன். 2:10, 6:40. நடுவில் ஒன்றும் எழுத முடியவில்லை.

அங்கே கட்டில் காலடியில் ஒரு அட்டை தொங்கும். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்ததாக அதில் டிக் போடுவார்கள். ஒரு நாள் மத்தியானம் 12 மணிக்குப் பார்க்கிறேன், சாயங்காலம் 6 மணி வரைக்கும் டிக் விழுந்திருக்கிறது. ஒரே பேனா, ஒரே வேகம். ஸ்டேஜ் வருவதற்கு முன்னாலேயே இன்வாய்ஸை, அதாவது டிக்கெட் கணக்குத் தாளை, எழுதி முடித்து வைத்தால் எங்கள் வேலையில் மெமோதான். செக்கிங் இன்ஸ்பெக்டர் எந்த ஸ்டாப்பில் ஏறுவார் என்று எங்களுக்குத் தெரியாது. ராத்திரி கடைசி டிரிப்பில் வத்தலக்குண்டு தாண்டி, இருட்டில் கை காட்டி ஏறியிருக்கிறார்கள். 8 ரூபாய் டிக்கெட்டுக்கு அவ்வளவு கண்காணிப்பு வைத்திருக்கிற நாட்டில், சாகக் கிடக்கிற ஒரு பெண்ணைத் திருப்பிப் போட்டார்களா என்று பார்க்க ஒருவரும் ஏறுவதில்லை. அந்த 12 நாளில் அவளுக்கு முதுகுக்குக் கீழே, வால் எலும்பில் படுக்கைப் புண் வந்திருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த இடத்து சிஸ்டர் சேர்த்த அன்றைக்கே திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 5 ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது.

இரண்டாவது இடம் எனக்குத் தெரிந்த கதை இப்படி. குமுளி பஸ் ஸ்டாண்டில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரருக்குப் போன் பண்ணி அழுதேன். கேரளாக்காரர். "அண்ணா, பாலியேட்டிவ் இல்லையா உங்க ஊர்ல? மார்பின் தருவாங்களே" என்றார். தீராத நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் நோய் ஆதரவுச் சிகிச்சைதான் பாலியேட்டிவ். மார்பின் அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்து. அவருடைய அம்மாவுக்குப் பஞ்சாயத்திலிருந்து நர்ஸ் வீடு தேடி வந்து பார்த்தாராம். அங்கே டீக்கடையில் இருப்பவருக்கும் அந்த வார்த்தை தெரிகிறது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து தொடங்கிய வேலை, தன்னார்வலர்கள் வழியாகத் தெருத்தெருவாகப் பரவி, 2008இல் அந்த மாநிலம் இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது என்பதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குக் கிடைத்தது மார்பின் என்ற ஒரு சொல்தான். அதைப் பிடித்துக்கொண்டு விசாரித்ததில், ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன இல்லம் தெரியவந்தது. விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் அதன் பெயரையும் எழுதவில்லை.

ஓட்டுக் கட்டடம். 14 கட்டில். ஏசி கிடையாது. நவம்பர் 1ஆம் தேதி சேர்த்தோம். அங்கே அட்மிஷன் போட்ட சிஸ்டர், பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் என் மனைவியின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "அம்மா, தாங்கவே முடியாத வலியை ஒரு ரூபாய்னு வச்சுக்கிட்டா, இப்ப எத்தனை பைசா இருக்கு?" என்று கேட்டார். நடத்துநர் பொண்டாட்டிக்குப் புரிகிற கேள்வி. "தொண்ணூறு பைசா இருக்கும்" என்றாள். எழுதிக்கொண்டார். உட்கார்ந்தால் எவ்வளவு, திரும்பினால் எவ்வளவு, தூக்கம் வருகிறதா, வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கு முழுக்க வெள்ளை படிந்திருந்தது. 12 நாளில் ஒருவர்கூட அவள் வாயைப் பார்க்கவில்லை. சோடா உப்புக் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, அதற்கு மருந்தும் போட்டார். அப்புறம் அவள் கேட்டது மோர். ஒரு டம்ளர் குடித்தாள்.

அங்கே டாக்டர் மார்பின் மாத்திரை ஆரம்பித்தார். 4 மணி நேரத்துக்கு ஒன்று. காலை 6, 10, மத்தியானம் 2, சாயங்காலம் 6. ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரண்டு மடங்கு, நடுவில் எழுந்திருக்க வேண்டாமே என்று. வலி வந்த பிறகு கொடுப்பது கிடையாது, வருவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்றார். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் காட்டிய வழி அது என்றும் சொன்னார். அந்த அம்மையார் நர்சாக இருந்து, அப்புறம் டாக்டருக்குப் படித்தவராம். மார்பின் மலச்சிக்கல் உண்டாக்கும், அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துத் தர வேண்டும். இது தெரியாமல் ஒரு இடம் மார்பின் கொடுத்தாலும் நோயாளி வேறு விதமாகத் துடிப்பார்.

முதல் இடத்தில் நான் மார்பினைப் பற்றிக் கேட்டபோது, "அது பழகிடும் சார், ஆளும் சீக்கிரம் போயிடுவாங்க" என்றார் நிர்வாகி. இந்தப் பயத்தை இரண்டாவது இடத்து டாக்டரிடம் அப்படியே கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: வலிக்கு வேண்டிய அளவில், அளந்து, பார்த்துக் கொடுத்தால் ஆயுளைக் குறைக்காது, வலியில் இருப்பவர் அதற்கு அடிமையாவதும் அபூர்வம். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் பல லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்ததால் மருத்துவமனைகள் இந்த மருந்தை வாங்கவே பயந்தன. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபினி பயிராகிறது, காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கத் தொழிற்சாலையே இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் திண்டுக்கல்லில் என் மனைவிக்கு 12 ராத்திரி அது கிடைக்கவில்லை.

முதல் 2 நாளும் அரைத் தூக்கத்தில் இருந்தாள், வாந்தியும் இருந்தது. அப்படித்தான் இருக்கும், குறைந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லி அதற்கும் மருந்து கொடுத்தார்கள். மூன்றாவது ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காலையில் சிஸ்டர் வந்து கேட்டபோது "இருபது பைசா" என்றாள்.

டாக்டர் இன்னொன்றும் செய்தார். முதுகெலும்பு வலிக்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தாலே பலருக்கு நன்றாகக் குறையும் என்று சொல்லி, கடிதம் கொடுத்து மதுரைக்கு அனுப்பினார். போய் அன்றைக்கே திரும்பிவிட்டோம். முதல் இடத்தில் இந்தப் பேச்சே வரவில்லை. தன் கையில் இல்லாத சிகிச்சைக்கு நோயாளியை வெளியே அனுப்பத் தெரிந்திருப்பது ஒரு நல்ல இல்லத்தின் பெரிய அடையாளம் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு அனுப்பத் தெரிந்திருப்பது இன்னொன்று. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. "வலி கட்டுக்குள்ள இருக்கு, அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று 5 நாளைக்கு மாத்திரையை எண்ணிக் கொடுத்து, எனக்குப் புண்ணுக்குக் கட்டுப் போடவும் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். நடுவில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் நோய் ஆதரவு நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்த்தார். 2021 ஆகஸ்டில் வந்த திட்டம் அது. அப்படியொரு நர்ஸ் என் தெருவுக்கு வருவார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பேத்தி மத்தாப்பு பிடித்ததைத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள்.

இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால், பகலில் போகாதீர்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். ராத்திரி 9 மணிக்கு மேல், சொல்லாமல் போங்கள். உள்ளே விட மறுத்தால் அதுவே ஒரு பதில். மார்பின் வைத்துக்கொள்ள அங்கீகாரம் இருக்கிறதா, தினமும் கணக்கெழுதும் ரிஜிஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். "வேற நல்ல ஊசி இருக்கு" என்று பேச்சை மாற்றினால் வந்துவிடுங்கள். ராத்திரி டாக்டர் யார், அவர் நம்பர் என்ன என்று கேட்டு வாங்கி, அன்றைக்கே ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். படுத்திருப்பவர்களின் உதட்டைப் பாருங்கள். வெடித்துக் காய்ந்திருந்தால் கவனிப்பு அவ்வளவுதான். மூக்கையும் நம்புங்கள். என் மனைவிக்குப் பக்கத்துக் கட்டிலில் கன்னத்தில் புற்றுப்புண் உள்ள ஒரு அக்கா இருந்தார். அப்படிப்பட்ட புண் எப்படி நாறும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வார்டில் நாற்றம் இல்லை. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்து, தினமும் புண்ணில் தூவிக் கட்டுவார்கள். அந்த அக்காவின் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான். மாத்திரை விலை அற்பம். அதைச் செய்கிற மனசும் தினமும் அரை மணி நேரமும்தான் அரிது.

கடைசி நாட்களில் என்ன செய்வார்கள் என்பதையும் வெட்கப்படாமல் கேட்டுவிட வேண்டும். முதல் இடத்தில், அவள் சாப்பாடு குறைத்தவுடன் டிரிப்ஸ் ஏற்றி, பாட்டிலுக்கு இவ்வளவு என்று பில் போட்டார்கள். கை கால் வீங்கியதுதான் மிச்சம். இங்கே, "உடம்பு இனி சாப்பாட்டைக் கேக்காதுப்பா, நீங்க குடுக்கலைன்னு நினைச்சுக்காதீங்க. உதட்டை நனைச்சுக்கிட்டே இருங்க, போதும்" என்றார் சிஸ்டர். டிசம்பர் 9ஆம் தேதி என்னையும் மகளையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, இன்னும் 2, 3 நாள்தான் என்று சொன்னார். பாதம் குளிரும், மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கறகறவென்று சத்தம் கேட்கும், கேட்பவர்களுக்குத்தான் பயம், அம்மாவுக்கு அது தெரியாது என்றார். அப்படியே நடந்தது. தெரிந்திருந்ததால் நாங்கள் அலறிக்கொண்டு ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை, ஐசியூவுக்கு ஓடவில்லை. 11ஆம் தேதி விடியற்காலை 5:20க்கு என் கையைப் பிடித்தபடி போனாள். சிஸ்டர் முகத்தைத் துடைத்துவிட்டு, "அம்மாவுக்குப் பிடிச்ச சேலை எது?" என்று கேட்டார். மயானத்துக்கும் பதிவுக்கும் வேண்டிய மருத்துவச் சான்றை 7 மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதற்காக அலைந்த குடும்பங்களை நான் அறிவேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த சிஸ்டர் வந்தார். சாப்பிட்ட பிறகு ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு, "அப்பா, நாங்க எதை இன்னும் நல்லாச் செஞ்சிருக்கலாம்?" என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் விடவில்லை, யோசிச்சுச் சொல்லுங்க என்றார். ராத்திரியில் கழிவறைக்குப் போகிற வழியில் லைட் இல்லை, ஒரு முறை தடுக்கிவிட்டேன் என்றேன். எழுதிக்கொண்டார். தை மாதம் அவளுடைய தண்ணீர்ப் படுக்கையை அங்கே கொடுக்கப் போனபோது அந்த இடத்தில் டியூப்லைட் போட்டிருந்தது. முதல் இடத்திலிருந்தும் எனக்கு ஒரு போன் வந்தது. முன்பணத்தில் பிடித்தம் எவ்வளவு என்று சொல்வதற்கு.

ஐயா, அமெரிக்காவில் ஒருவர் இறந்து சில மாதம் கழித்து, கூட இருந்து பார்த்துக்கொண்ட குடும்பத்தாருக்கே கேள்வித்தாள் போகிறது. வலிக்கு வேண்டிய உதவி கிடைத்ததா, ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் கூப்பிட்டால் வந்தார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்தப் பதில்களை இல்லம் வாரியாக, மெடிகேர் என்ற அந்நாட்டு அரசு மருத்துவக் காப்பீட்டின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கிலாந்தில் அரசின் தர ஆணையம் நேரில் போய்ப் பார்த்து ஒவ்வொரு இல்லத்துக்கும் தரம் குறிக்கிறது. நம் ஊரில் ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடுக்கிறோம். இதற்கு ஒன்றும் இல்லை.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மார்பின் தர அங்கீகாரம் உள்ள இடங்களின் பட்டியலை ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு வாசலிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். "இனிமே ஒண்ணும் இல்லை" என்று சொல்கிற டாக்டர், அந்தப் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும். பணம் வாங்கி நோயாளிகளைச் சேர்க்கும் இல்லங்களுக்கு, எங்களுக்குச் செக்கிங் ஏறுவதைப் போல, சுகாதாரத் துறையிலிருந்து ராத்திரியில் சொல்லாமல் ஆள் போக வேண்டும். போகிறவர் மாடியையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு, 3 நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகைப் பார்த்தால் போதும். வீடு வீடாகப் போகிற நோய் ஆதரவு நர்சுகளே இறந்தவர் வீட்டுக்கு ஒரு மாதம் கழித்துப் போய், எதை இன்னும் நல்லாச் செஞ்சிருக்கலாம் என்று அந்த சிஸ்டர் கேட்ட ஒரு கேள்வியைக் கேட்டு எழுதி வரலாம். அவர்களுக்குத்தான் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

உங்கள் நாளிதழ் அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, நிருபரை ஒரு ராத்திரி அங்கே தங்கச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் அதிகாரி யாராவது விவரம் கேட்டால், என்னுடைய 2 நோட்டையும் எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் வருகிறேன். தேதி, நேரம், மாத்திரை, பில் எல்லாம் அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநர்,
திண்டுக்கல்.